பிறபொருளெதிரி கூறும் சான்று

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை சங்கநூல் பற்றியதாகவோ சமயநூல் பற்றியதாகவோ இருத்தல் வழக்கம். யாம் இம்முறை அவ்வழக்கினின்றும் சிறிது விலகுகின்றோம். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணாக்கர் தம் கலைச்சொற்களின் பொருள் கேட்டு எம்மிடம் வருவதுண்டு. சொல்லைப் பிரித்துக் காட்டுதல் எம் கடன். பொருளை விளக்குதல் விஞ்ஞான ஆசிரியர் கடன். ஆயினும் சில சொற்களைப் பிரிக்கப் புகுந்தோர் பொருளினுள்ளும் புகாது மீளுதல் இயலாது. 'பிறபொருளெதிரி' என்பது அத்தகைய சொல். அதனைப் பற்றிக் கற்கப் புகுந்து யாம் கண்ட வரலாறொன்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம். ஒரு புரதத்தைக் கண்டறிதற்கென ஆய்வுகூடங்கள் விலைகொடுத்து வாங்கிய பிறபொருளெதிரியொன்று, வேறொரு புரதத்தையும் சேர்த்துக் காட்டி, புற்றுநோயை ஆராய்ந்தோர் பலரை வழிதப்பச் செய்த வரலாறு அது.

முதலிற் சொல்லை நோக்குவோம். உடலுக்கு உரியதல்லாத பொருள் பிறபொருள். அது கிருமியாயினும் நஞ்சாயினும், உட்புகுந்தவிடத்து அதனைப் பற்றிக்கொள்வதற்கென உடல் ஆக்கும் புரதமே பிறபொருளெதிரி. தமிழகத்தார் எதிர்ப்பொருள் என்பர். எம் நாட்டு நீதிமன்ற வழக்கில் 'எதிரி' எனின் குற்றஞ் சாட்டப்பட்டவரைக் குறிக்கும். யாம் சொல்லப்போகும் வரலாற்றிலோ இவ்வெதிரி சாட்சியாகவே முதலிற் கூண்டில் ஏறுகின்றது.

1890ஆம் ஆண்டிற் பெர்லின் நகரில் எமில் வொன் பேரிங் என்பாரும் யப்பானியரான கிற்றசாற்றோ என்பாரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஏற்புவலி நஞ்சைச் சிறிது சிறிதாகப் பெற்றுத் தாங்கப் பழகிய விலங்கின் குருதிநீரை எடுத்து வேறொரு விலங்கிற்கு ஏற்றின், அதுவும் அந்நஞ்சினின்றும் காக்கப்படும் என்பதே அது. தொண்டைக்கரப்பனுக்கும் அவ்வாறே. அக்குருதிநீரிற் பொதிந்திருந்த காவற்பொருளின் வடிவம் தெளிவாதற்கு மேலும் அறுபது எழுபது ஆண்டுகள் சென்றன. அவ்வடிவத்தைத் துலக்கிய போட்டர், எடெல்மன் ஆகிய இருவரும் 1972இல் நோபெல் பரிசு பெற்றனர். கவைத்த கொம்பொன்றை மனத்திற் கொள்க. அதன் இரு கவைகளின் நுனிகளே பற்றும் இடங்கள். அடிக்கொம்பு ஓரினத்தவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நுனிகள் மட்டும் ஒன்றற்கொன்று வேறுபடும். நுனியின் வடிவு எதனோடு பொருந்துமோ அதனையே அது பற்றும்.

இப்பற்றுந் திறத்தை நோய் தீர்த்தற்கு மட்டுமன்றி, மறைந்திருப்பதைத் தேடுதற்கும் பயன்படுத்தலாம் எனக் கண்டவருள் ஆல்பேட் கூன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் முதன்மையானவர். அவரும் அவர்தம் கூட்டத்தினரும் 1941இல் பிறபொருளெதிரியோடு ஒளிருஞ் சாயமொன்றைப் பிணைத்தனர். சாயம் எங்கே ஒளிர்கின்றதோ அங்கே தேடிய பொருள் உளது என்பது அவர் கொண்ட முறை. காக்கப் பிறந்தது கண்டுபிடிக்குங் கருவியாயிற்று. இன்று உயிரியல் ஆய்வுகூடங்களிற் பிறபொருளெதிரி இல்லாதது ஒன்றேனும் உளதோ என்பது ஐயமே. அவற்றைச் செய்து விற்றல் ஒரு பெருவாணிகம். சிறு குப்பியில் அடைத்து, இன்ன புரதத்தைக் காட்டுவது எனப் பெயரெழுதி, குளிரூட்டி அனுப்புவர்.

இனி, இக்கட்டுரைக்குரிய புரதத்தை அறிமுகஞ் செய்தல் வேண்டும். உயர்ந்த மலைப்பகுதியிற் சென்று நெடுநாட் டங்குவோரின் குருதியிற் செங்குழியங்கள் பெருகுகின்றன. காற்றில் ஒட்சிசன் குறைவதை உணர்ந்து அக்குறையை ஈடுசெய்யுமாறு ஆணை பிறப்பிப்பது சிறுநீரகம். அவ்வாணை எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோன். குருதிவழிச் சென்று என்பு மச்சையை அடைந்து, ஆங்கே செங்குழியமாக வளரவிருக்கும் இளங்கலங்களை அழியாது காத்துப் பெருகச் செய்தல் அதன் தொழில். இதனைத் தூயதாகப் பிரித்தெடுத்தவர் சிக்காகோவைச் சேர்ந்த கோல்ட்வாசர் என்பாரும் அவருடன் உழைத்த மியாக்கே, குங் என்பாருமாவர். என்பு மச்சை தொழிற்படாத நோயாளரின் சிறுநீரில் இவ்வோமோன் மிகும். அத்தகைய சிறுநீரை 2,550 இலீற்றர் அளவிற் சேர்த்து, அதனின்றும் சில மில்லிகிராமே பெற்று, 1977இல் வெளியிட்டனர். இவ்வுழைப்பை நினைக்குந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது. 1985இல் இதன் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. 1989இல், சிறுநீரகம் பழுதுற்றுக் குருதிச்சோகை அடைந்தோர்க்கு மருந்தாக அமெரிக்காவில் இசைவு பெற்றது. இந்நாளில் எம் நாட்டுச் சிறுநீரக நோயாளரும் இம்மருந்தை ஊசிவழிப் பெறுகின்றனர்.

ஆணை சென்றால் அதனை ஏற்பார் வேண்டுமன்றோ? ஓமோன் கலத்தினுள் நுழைவதில்லை. கலத்தின் மென்சவ்வில், பாதி வெளியும் பாதி உள்ளுமாக ஊடுருவி நிற்கும் புரதமொன்று அதனைப் பெறுகின்றது. அதற்கு 'வாங்கி' என்று பெயரிட்ட அறிஞரை யாம் பாராட்டுகின்றோம். இதனினும் சுருங்கிய சொல் கிடைத்தலரிது. எரித்திரோபொயற்றின் வாங்கியின் பரம்பரையலகை 1989இல் டி அந்திரேயா, லோடிஷ், வொங் என்போர் பிரித்தெடுத்தனர். மனிதருடைய வாங்கி 508 அமினோ அமிலங்களாலாய சங்கிலி. அதன் நிறை ஏறத்தாழ 56 அல்லது 57 ஆயிரம் டால்ற்றன். டால்ற்றன் என்பது ஐதரசன் அணுவொன்றின் நிறையளவினது. ஓமோன் வெளியே வந்து பொருந்துகையில் இரு வாங்கிகள் இணைந்து நெருங்குகின்றன. அவற்றின் உட்புறத்தே ஒட்டிக்கொண்டிருக்கும் ஜக்-2 என்னும் நொதியம் விழிப்புற்று, வாங்கியின் உள்வாலிற் பொசுபேற்றுக் கூட்டங்களைப் பதிக்கின்றது. அப்பதிவுகளைப் பற்றிவரும் ஸ்ரற்-5 என்னும் புரதம் தானும் பொசுபேற்றுப் பெற்றுக் கலத்தின் கருவினுட் சென்று, வேண்டிய பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்துகின்றது. வாயிலிற் றட்டிய ஓசை உள்ளறைவரை எட்டும் வகை இதுவே. கலச் சமிக்ஞை என இதனைக் கூறுவர்.

உள்வாலின் கடைப்பகுதி சமிக்ஞையை நிறுத்துதற்கும் வேண்டப்படுவது. பின்லாந்து நாட்டின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்ரிரந்தா 1964இல் இன்ஸ்புறுக் ஒலிம்பிக்கில் இரு தங்கப்பதக்கம் வென்றவர். அவருடைய குடும்பத்தினர் பலருக்குச் செங்குழியம் இயல்பாகவே மிக்கிருந்தது. 1993இல் ஆராய்ந்தபோது, அவர்கள்பால் இவ்வாங்கியின் கடைசி 70 அமினோ அமிலங்கள் இல்லாதிருத்தல் தெரிந்தது. நிறுத்துவது குறைந்தமையால் சமிக்ஞை நீண்டு ஒலித்தது. இதனை ஈண்டுக் கூறியதற்குக் காரணமுண்டு. அக்கடைப்பகுதியே பின்வருவதற்கு மூலமாகின்றது.

புற்றுநோயாளர் பலர் நோயாலும் சிகிச்சையாலும் குருதிச்சோகை எய்துவர். அவர்க்கும் எரித்திரோபொயற்றின் கொடுத்தல் வழக்கமாயிற்று. ஒட்சிசன் மிகுந்த திசுவிலேயே கதிர்ச்சிகிச்சை நன்கு பயன்படும். ஆதலின் குருதிச்சோகையை நீக்கினால் சிகிச்சையும் சிறக்கும் என எதிர்பார்த்தனர். அந்நம்பிக்கையைச் சோதிக்க, தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கொண்ட 351 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்தற்ற ஊசியும் கொடுத்தனர். ஜேர்மனிய மருத்துவர் ஹெங்கே தலைமையில் நடந்த அச்சோதனையின் பெறுபேறு 2003இல் வெளிவந்தது. மருந்து பெற்றவரின் குருதி செறிந்தது. ஆயினும் அவர்தம் புற்றுநோயே மற்றவரினும் விரைந்து தலைதூக்கியது. பின் நிகழ்ந்த வேறு சில சோதனைகளும் அச்சந் தந்தன. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் இவ்வினமருந்துகளுக்குக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையை விதித்தது.

ஏன் இவ்வாறு நிகழ்ந்தது? மனத்தில் உடனெழும் விடை ஒன்றுண்டு. புற்றுநோய்க் கலங்களிலும் அவ்வாங்கி இருக்குமாயின், குருதியை வளர்க்கக் கொடுத்த மருந்து நோயையும் வளர்த்திருக்கும். விடை நேரியது, ஆனால் அதற்குச் சான்று வேண்டும். சான்றோவெனின் ஏற்கெனவே நிரம்ப இருந்தது. பலவகைப் புற்றுநோய்களில் எரித்திரோபொயற்றின் வாங்கியைக் கண்டதாகக் கூறும் ஆய்வுரைகள் முந்திய ஆண்டுகளிற் பல வெளிவந்திருந்தன. அவற்றுட் பல ஒரே கருவியை நம்பின. அது சி-20 என்னும் பெயரில் விற்பனையான பிறபொருளெதிரி. வாங்கியின் கடைப்பகுதியை ஒத்த சிறு துண்டொன்றை ஆக்கி, அதனை முயலுக்கு ஊசியேற்றி, முயல் ஆக்கிய பிறபொருளெதிரிகளைக் குருதியினின்றும் எடுத்துத் தூய்மையாக்கிப் பெற்றது.

ஒரு புரதம் முழுவதையும் பிறபொருளெதிரி நோக்குவதில்லை. சங்கிலியில் ஐந்தாறு முதற் பத்து வரையான அமினோ அமிலங்கள் அமைந்த ஒரு சிறிய இடத்தையே அதன் கவைநுனி பற்றுகின்றது. இதனை எம் வகுப்பறை முறையிற் சொல்வோம். ஏட்டில் 'கல்' என்னுஞ் சொல் வருமிடமெல்லாம் கோடிடுக என்று சிறுவனொருவனிடம் சொல்கின்றோம். எழுத்தை மட்டும் பார்ப்பவனாயின் 'பகல்' என்பதிலும் 'அகல்' என்பதிலும் 'நகல்' என்பதிலும் கோடிடுவான். கல்லும் பகலும் பொருளால் ஒன்றற்கொன்று உறவில்லாதன. எழுத்து இரண்டு ஒத்தன, அவ்வளவே. புரதங்களும் இருபது அமினோ அமிலங்களை எழுத்தாகக் கொண்டு எழுதப்பட்டவை. ஆயிரமாயிரம் புரதங்களுள் ஒன்றன் சில எழுத்துக்கள் இன்னொன்றில் நேர்தல் வியப்பன்று. அன்றியும் முயலின் குருதியினின்றும் பெற்றது ஒரு பிறபொருளெதிரியன்று, பலவற்றின் கலவை. ஒரே துண்டின் வெவ்வேறிடத்தை வெவ்வேறு எதிரி பற்றும். கலவையில் ஒன்று பிழைத்தாலும் போதும்.

கோடிட்ட சொல் எதுவென அறிய வழியில்லையோ எனின், உண்டு. 1979இல் தௌபின் என்பாரும் பிறரும் வகுத்து, 1981இல் பேணெற் என்பார் வெஸ்ரேன் புளொற்றிங் எனப் பெயரிட்ட முறை அதற்கு உதவுகின்றது. பெயரின் வரலாறு நகைச்சுவையானது. டி.என்.ஏ.யைப் பிரித்தறிய முன்னொரு முறை வகுத்தவர் பெயர் சதேண். அப்பெயர் ஆங்கிலத்தில் தெற்கைக் குறிக்கும். ஆர்.என்.ஏ.க்கு வகுத்ததனை வடக்கென்று விளையாட்டாக வழங்கினர். புரதத்துக்கு வந்தபோது மேற்கென்றனர். முறை இது: கலங்களை உடைத்துப் புரதங்களைச் சவர்க்காரத்தை ஒத்த பொருளொன்றால் நெகிழ்த்திச் சுருள் நீக்கி, கூழ்போன்ற தகட்டின் தலைப்பில் இட்டு மின்னைச் செலுத்துவர். சிறிய புரதம் விரைந்து நெடுந்தூரம் ஓடும், பெரியது பின்தங்கும். இவ்வாறு பருமன்படி நிரைப்பட்டவற்றை மென்றாளொன்றிற்கு மாற்றி, அதன்மேற் பிறபொருளெதிரியை ஊற்றுவர். அது பற்றிய இடத்தைப் பிறிதொரு பிறபொருளெதிரி காட்டும். அவ்விரண்டாவதனோடு பிணைத்த நொதியம் ஒளியை அல்லது நிறத்தைத் தோற்றுவிக்கும். தாளிற் கருங்கோடொன்று தெரியும். கோடு எங்கே நிற்கின்றதென்பது பற்றப்பட்டதன் பருமனைச் சொல்லும். ஆகவே இம்முறையிற் சாட்சி இரண்டு: பிறபொருளெதிரி ஒன்று, பருமன் மற்றொன்று.

நோயாளரின் திசுவை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நிறமூட்டும் முறையில் இவ்விரண்டாஞ் சாட்சி இல்லை. பிறபொருளெதிரி பற்றிய இடமெல்லாம் கபில நிறம் படரும். நுணுக்குக்காட்டியில் நோக்குவோர்க்கு நிறம் தெரியும். நிறத்தின் அடியில் நிற்பது எப்புரதம் என்பது தெரியாது. கல்லும் பகலும் ஒரே கபில நிறமே.

2006இல் ஹெங்கேயும் அவர்தம் கூட்டத்தினரும், முன் கூறிய 351 பேருள் 154 பேரின் திசுவை சி-20 கொண்டு நிறமூட்டி ஆராய்ந்து வெளியிட்டனர். 104 பேருடையது நிறங் கொண்டது. அவருள் மருந்து பெற்றோர், மருந்தற்ற ஊசி பெற்றோரினும் மிகவுந் தாழ்ந்த பெறுபேறு கண்டனர். நிறங் கொள்ளாதோரிடையே மருந்து தீங்கு செய்ததாகத் தெரியவில்லை. இதனினும் பொருத்தமான சான்று வேறு யாது வேண்டும் என்று கற்றோரும் எண்ணுவர்.

ஆயின் அதே ஆண்டில், அதற்குச் சில திங்கள் முன்னரே, எலியற் என்பாரும் பிறரும் குருதியியல் ஆய்விதழொன்றில் வேறொரு செய்தியை வெளியிட்டிருந்தனர். சந்தையிற் கிடைத்த பிறபொருளெதிரிகளைப் பருமனோடு ஒப்பு நோக்கியபோது ஓர் இசைவின்மை தென்பட்டது. வாங்கியின் நிறை 56, 57 ஆயிரம் என்றோம். புற்றுநோய்க் கலங்களில் இவை காட்டிய கோடுகளோ 66 முதல் 78 ஆயிரம் வரையில் நின்றன. சி-20 மூன்று கோடுகளைக் காட்டிற்று: 35, 66, 100 ஆயிரம். 66 ஆயிரத்தில் நின்ற பகுதியை வெட்டியெடுத்து அதன் அமினோ அமில வரிசையைப் படித்தனர். அங்கே நின்றது எரித்திரோபொயற்றின் வாங்கியன்று. வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 என்னும் குடும்பத்தது. வாங்கியின் கடைப்பகுதியோடு அதற்குச் சிறிது எழுத்தொப்புமை இருந்தது. சோதித்த பிறபொருளெதிரிகளுள் ஒன்றேனும் திசுவை நிறமூட்டி வாங்கியைக் காணுதற்கு ஏற்றதன்று என்று முடிவு கூறினர்.

வெப்ப அதிர்ச்சிப் புரதம் அருமையான பொருளன்று. ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் உள்ளது. பிற புரதங்கள் உருக்குலையாது மடிந்தமையத் துணைநிற்பது அதன் தொழில். வெப்பத்தாலோ ஒட்சிசன் குறைவாலோ கலம் இடருறும்போது மிகுதியாகத் தோன்றும். புற்றுநோய்க் கலங்களிற் பெரிதும் மிக்கிருக்கும். எரித்திரோபொயற்றின் வாங்கியோ, அதற்கே உரிய செங்குழிய இளங்கலத்தின் மேற்பரப்பிலும் ஆயிரத்துக்குக் குறைவான எண்ணிக்கையிலேயே இருப்பது. அரிதாகிய ஒன்றைத் தேடப் புகுந்த கருவி, மலிந்து கிடக்கும் வேறொன்றையும் பற்றுமாயின், காணப்படுவது எதுவென்று சொல்ல வேண்டுவதில்லை.

பருமன் பொருந்தாமையை முன்னையோர் காணவில்லையா? கண்டனர். புரதத்தின்மேற் சர்க்கரைக் கூறுகள் ஏறுவதால் நிறை கூடுதல் உண்மையில் நிகழ்வதே. அதனாற் கோடு மேலே நிற்கின்றது என்று அமைதி கூறி அடங்கினர். இலக்கணத்தார் வழுவமைதி என்று ஒரு பகுதி வகுத்திருக்கின்றனர். வழுவாகத் தோன்றுவதையும் தக்க காரணம் நோக்கி ஏற்றுக்கொள்வது அது. ஆயின் இன்ன வழு, இன்ன காரணத்தால், இன்ன இடத்தில் என்று காட்டாது எந்த இலக்கணியும் அமைதி கூறான். சர்க்கரையாலென்றால் சர்க்கரையை நீக்கிப் பார்த்தல் வேண்டும். பத்தாயிரம் டால்ற்றன் வேற்றுமை புறக்கணிக்கத்தக்கதன்று.

வேறொரு சோதனையும் அவர்களிடம் இருந்தது. அதுவே பலரை ஏமாற்றிற்றென்பது எம் கருத்து. முயலுக்கு ஏற்றிய அதே துண்டினைப் பிறபொருளெதிரியோடு முன்னரே கலந்துவிட்டால் கவைநுனிகள் அத்துண்டாலேயே நிரம்பிவிடும். பின் ஊற்றினால் கோடு தோன்றாது. கோடு மறைந்தமையால் அது மெய்க்கோடே என்று கொண்டனர். எம் சிறுவனை மறுபடி நினைக. 'கல்' என்று எழுதிய சீட்டுக்களை அவன் கைநிறையக் கொடுத்துவிட்டால் ஏட்டில் எதற்குமே கோடிடான், கல்லுக்குமிடான், பகலுக்குமிடான். அதனால் அவன் முன்னர்ப் பகலுக்கிட்ட கோடு சரியாகிவிடுமா? தக்க சோதனை வேறு. 'கல்' என்னுஞ் சொல் ஓரிடத்தும் இல்லாத ஏடொன்றைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அதிலும் கோடு விழுந்தால் அவன் கோடு நம்பத்தக்கதன்று. ஆய்வுகூடத்தில் இதன்பொருள், வாங்கியின் பரம்பரையலகை நீக்கிய கலங்களிற் பிறபொருளெதிரியைச் சோதித்தல். முன்னாளில் அத்தகைய கலம் பெறுதல் அரிது. 2012இல் கிறிஸ்பர் என்னும் பரம்பரையலகு வெட்டுமுறை வெளிவந்த பின்னர் அது பெரிதும் எளிதாயிற்று. ஏட்டுப் பிரதியொன்றை மட்டும் நம்பிப் பாடந் துணிதலாகாதென்பதைச் சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணிலுள்ளோர்க்கு யாம் எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

எலியற் முதலியோர் யார் என்பதையும் மறையாது சொல்லுதல் முறை. அவர்கள் அம்ஜென் நிறுவனத்தின் ஆய்வாளர். எரித்திரோபொயற்றினை மருந்தாக ஆக்கி விற்கும் நிறுவனம் அது. புற்றுநோயில் வாங்கி இல்லை எனின் அவர்க்கு நன்மை. ஆதலின் அவர் கூற்றை ஐயுறுவோரும் இருந்தனர், ஐயுறுதல் பிழையன்று. ஆயின் சாட்சியின் நலன் வேறு, சாட்சியத்தின் மெய்ம்மை வேறு. 66 ஆயிரத்தில் நிற்பதை வெட்டியெடுத்து வரிசை படித்தல் எவரும் மீளச் செய்து பார்க்கத்தக்க செயல். 2007இல் நுரையீரற் புற்றுநோயை ஆராய்ந்த வேறொரு குழுவினரும் இப்பிறபொருளெதிரி வாங்கிக்கே உரியதன்றென்று கண்டனர்.

அம்ஜென் ஆய்வாளர் இதனோடு நில்லாது, ஏ-82 எனப் பெயரிய புதிய ஓரினப் பிறபொருளெதிரியொன்றை ஆக்கி 2010இல் வெளியிட்டனர். ஓரினம் என்றது ஒரே கலவழியிற் பிறந்து ஒரே இடத்தைப் பற்றுவனவற்றை. அம்முறையை 1975இற் கேம்பிரிட்ஜில் வகுத்தோர் கோலரும் மில்ஸ்ரைனும். பிறபொருளெதிரி ஆக்குங் கலத்தைப் புற்றுக்கலமொன்றோடு இணைத்து, இறவாது பெருகும் கலவழியொன்றை அவர் உண்டாக்கினர். 1984இல் நோபெல் பரிசும் பெற்றனர். புதிய பிறபொருளெதிரி கொண்டு மனிதப் புற்றுத்திசுக்களை ஆராய்ந்தோர், கண்டறியத்தக்க அளவில் வாங்கி அவற்றில் இல்லையென 2013இல் அறிவித்தனர். இதனை முழுதும் உடன்படாதாரும் உளர். கண்டறியும் எல்லைக்குக் கீழே சிறிது இருக்கலாம் என்பது அவர் வாதம்.

இங்கே மாணாக்கர் பிழைபட விளங்கிக்கொள்ளத்தக்க இடம் ஒன்றுண்டு. பிறபொருளெதிரி பிழைத்தமையால் 2003ஆம் ஆண்டுச் சோதனை பிழையாகவில்லை. மருந்து பெற்றோரின் நோய் விரைந்தமை எண்ணி அறிந்த உண்மை. 2007ஆம் ஆண்டு எச்சரிக்கை அவ்வெண்ணிக்கையின்மேல் நிற்பது. கபில நிறத்தின்மேல் நிற்பதன்று. தள்ளாடுவது விளக்கமே. அன்றியும், நிறங் கொண்ட 104 பேர் நிறங் கொள்ளாதோரினும் வேறுபட்டமையும் உண்மை. நிறம் எதனையோ சுட்டிற்று. அது வாங்கியன்றாயின், இடருற்று வெப்ப அதிர்ச்சிப் புரதம் மிகுந்த கலங்களைச் சுட்டியதோ என்று கருத இடமுண்டு. ஆனால் குப்பியின் மேலிருந்த பெயரையே நிறத்துக்கும் பெயராக்கியமையால் அவ்வினா நெடுநாள் எழாமலே கிடந்தது. நோயாளரின் உயிரை ஒட்டிய கேள்வியொன்று இவ்வாறு பெயரொட்டிய சீட்டொன்றாலே மூடப்பட்டிருந்தமை எமக்கு வருத்தந் தருகின்றது.

இவ்வரலாறு தனித்ததன்று. 2015இல் பிராட்பரி, புளூக்தூண் என்போரும் அவருடன் கைச்சாத்திட்ட பல அறிஞரும், பிறபொருளெதிரிகளை அவற்றின் அமினோ அமில வரிசையாலேயே வரையறுத்து ஆக்குதல் வேண்டுமென நேச்சர் இதழில் வேண்டினர். விலங்கின் குருதியினின்றும் பெறும் கலவை ஒரு தொகுதிக்கும் மறுதொகுதிக்கும் மாறுபடும். அவ்விலங்கு இறந்தபின் அதே கலவை மீண்டும் பெறலாகாது. வரிசை தெரிந்தால் என்றும் ஒன்றையே ஆக்கலாம். 2023இல் மொன்றியால் நகரத்தை நிலைக்களமாகக் கொண்ட குழுவொன்று, நரம்பியலோடு தொடர்புடைய 65 புரதங்களுக்கென விற்கப்பட்ட 614 பிறபொருளெதிரிகளை, அப்புரதம் நீக்கிய கலங்களை அருகில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிட்டது. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரி பன்னிரண்டு ஆய்வுரைகள், அப்புரதத்தைக் காணாத பிறபொருளெதிரியைக் கொண்டு எழுதப்பட்டிருந்தன. புரதங்களுட் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பிறபொருளெதிரி ஒன்றேனும் சந்தையில் உண்டு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விற்பனையாளரும் அச்சோதனையில் உடனுழைத்தனர். பெறுபேறு கண்டு, தேறாதவற்றுட் சிலவற்றை விற்பனையினின்றும் நீக்கினர். வேறு பலவற்றின் குப்பியோடு அனுப்புங் குறிப்பைத் திருத்தி எழுதினர்.